ஐந்து ஆம்பியருக்கு ஒரு கோவிந்தா

“மனித குலத்தின் துன்பங்கள் அனைத்துக்கும் ஒரே காரணம்தான். வோல்ட்டையும் ஆம்பியரையும் யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை.”

விஜயபுரம் கோவர்த்தனன் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை, எங்கள் வாயில் ஹாஸ்டல் உப்புமா இருந்தது. அந்த உப்புமாவை எதிரில் வைத்துக்கொண்டு மனித குலத்தின் துன்பத்துக்கு வேறு காரணம் தேடக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

“வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் பவர். இந்த இரண்டு கணக்கும் தெரிந்தவன் எவனுக்கும் பயப்பட வேண்டாம். எதையும் கும்பிட வேண்டாம்.”

“பெருக்கினா பசி அடங்குமா?” என்று கேட்டான் வெங்கடரமணன். எங்கள் பக்கத்து அறைக்காரன், வரதய்யபாளையம் ஊர். இரண்டாவது தடவை உப்புமா வாங்கித் தின்னும் ஒரே மாணவன் என்ற பெருமை அவனுக்கு உண்டு.

“உன்னமாரி ஆளுக்கு எத்த சொன்னாலும் வயித்துலதாண்டா போய் நிக்கும்,” என்றான் கோவர்த்தனன். பெரிய விஷயம் பேசும்போது மட்டும் அவனுக்குப் புத்தகத் தமிழ் வரும். கோபம் வந்தால் விஜயபுரம் வந்துவிடும்.

பி.எஸ்சி. இரண்டாம் வருடம், பௌதிகம். என் துரதிர்ஷ்டம், என் அறைத் தோழன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருடத் தொடக்கம். எல்லைச் சட்டம் வந்துவிட்டது. ஏப்ரலில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது, சத்தியவேடும் வரதய்யபாளையம் போல அதைச் சுற்றிய ஊர்களும் ஆந்திரத்துக்கு வருகின்றன என்று முடிவாகியிருந்தது. வெங்கடரமணன் வீடு இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராமல் ராஜ்யம் மாறப்போகிறது. இதைப் பற்றி ஹாஸ்டலில் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும் சண்டை தினமும் நடக்கும். ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் சண்டை நன்றாக நடக்கும். கோவர்த்தனன் மட்டும் அதில் கலந்துகொள்ள மாட்டான். எல்லை பிரிக்க வந்தவர்கள் கையில் ஓர் அம்மீட்டர்கூட இல்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு அந்த விவகாரத்தில் மதிப்புப் போய்விட்டது.

அவனுக்கு மதிப்பில்லாத விஷயங்கள் பல. அதில் தலையாயது எங்கள் வரிசையின் கோவிந்தா.

எங்கள் ஹாஸ்டல் திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையில் இருந்தது. மலையேறப் போகிற கூட்டம் விடியற்காலையிலேயே கோவிந்தா போட்டுக்கொண்டு அந்த வழியாகப் போகும். மற்ற ஊர்களில் காக்கை கத்தினால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அந்தச் சாலையில் கோவிந்தாவுக்கும் அந்த மரியாதைதான். எங்களுக்கு முன்னால் அங்கே தங்கிப் படித்த மாணவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். பல வருடம் படித்து அவர்கள் விட்டுப்போன அறிவு இது ஒன்றுதான்.

விஷயம் ஹீட்டர். மண் தட்டில் கம்பிச் சுருளைப் பதித்து, இரண்டு முனையிலும் ஒயர் கட்டிய சாமான். ஹாஸ்டலில் அதை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. மெஸ்ஸில் காபி என்று ஒன்று வரும் என்பது உண்மை. பரீட்சைக்குப் படிக்கிறவன் எழுந்து, படித்து, மறுபடி தூங்கிய பிறகு அது வரும். வந்தும் தூக்கம் கலையாது. ஆகவே எங்கள் வரிசைக்கு ஒரு ஹீட்டர் இருந்தது.

எங்கள் வரிசையில் மாணவர் அறை ஐந்து. கடைசியில் வார்டனுடைய அறை. ஆறு அறைக்கும் ஆறு பல்பு, எல்லாவற்றுக்கும் ஒரே ஃபியூஸ். அந்த ஃபியூஸில் வார்டன் வேண்டுமென்றே ஒல்லியான ஒற்றை இழைக் கம்பியைப் போடச் சொல்லியிருந்தார். ஐந்து ஆம்பியரைத் தாண்டினால் உருகிவிடும். ஹீட்டர்க்காரனைப் பிடிக்க அவர் வைத்த எலிப்பொறி அது.

அந்தப் பொறிக்கு மாற்றுத்தான் கோவிந்தா. ஹீட்டர் இருக்கும் அறையில் பிளக்கைச் செருகுவதற்கு முன்னால் ஒருவன் “கோவிந்தா” என்று குரல் கொடுப்பான். மற்ற நான்கு அறைக்காரர்களும் “கோவிந்தா” என்று பதில் சொல்லி விளக்கை அணைத்துவிடுவார்கள். எங்கள் அறையிலும் அணைத்துவிடுவோம். தண்ணீர் கொதித்து, பிளக்கைப் பிடுங்கியதும் இன்னொரு கோவிந்தா. விளக்குகள் எரியும். டம்ளர்கள் வரும். வெளியே சாலையில் போகிற பக்தர்கள்கூடச் சில நாள் எங்களுக்குப் பதில் கொடுத்ததுண்டு. அவர்களுக்குக் காபி கொடுக்கும் வழக்கம் இல்லை.

வார்டன் பாஷ்யம் ஸம்ஸ்கிருதம் நடத்துபவர். தலைமுறை தலைமுறையாகத் திருமலைக் கோவில் கைங்கரியத்தில் இருக்கும் வைஷ்ணவக் குடும்பம். தினமும் எங்கள் கோவிந்தாவைக் கேட்டுத்தான் கண் விழிப்பார். யாராவது பெரிய மனிதர் வந்தால் எங்களைக் காட்டி, “நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழந்தைகள் தானா சொல்றதுகள். ஜன்மாந்தர வாசனை,” என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். உண்மையைக் கண்டுபிடிக்கவும் தெரியாது. அவருக்குக் கொடுத்த சம்பளம் முழுவதும் முதல் குணத்துக்காகத்தான் இருக்க வேண்டும்.

ஹீட்டர் கோவர்த்தனனுடையது. சித்தூர் கடைத்தெருவில் வாங்கி, படுக்கைச் சுருளுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். கோவிந்தா சொல்லும் வேலை மட்டும் என்னுடையது. நான் பக்தன் அல்ல, காபி குடிப்பவன். நான் குரல் கொடுக்கும்போதெல்லாம் கோவர்த்தனன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வான்.

“சயன்ஸ் படிக்கிறவன் ஒரு பிளக்கு மாட்டறதுக்கு சாமிய கூப்படறான். த்தூ,” என்பான். பிறகு காபி குடிப்பான்.

ஆனால் அவனுக்கும் ஒரு பயம் உண்டு. சென்ற வருடம் புத்தூர்க்காரன் ஒருவன் ஹீட்டரோடு அகப்பட்டான். காலையில் அகப்பட்டவனுடைய டிரங்குப் பெட்டி மத்தியானம் பஸ் மேல் இருந்தது. அந்தச் செய்தி எப்படியோ விஜயபுரம் வரை போய், கோவர்த்தனனுடைய நைனா அடுத்த தடவை வந்தபோது அவனிடம் சொல்லிவிட்டுப் போனார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“சீட்டு போச்சின்னா இங்கயே நின்னுக்கினு அழுவாத. பஸ்ஸ புடிச்சி நேரா ஊட்டுக்கு வந்துடு. வேர்க்கடலைக்குத் தண்ணி கட்ட ஆளு இல்ல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆசையாகச் சொன்னார். அதுதான் கோவர்த்தனனை உலுக்கிவிட்டது. யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று மனித குலத்துக்குச் சொன்னவன் அந்த வேர்க்கடலைக்கு மட்டும் பயந்தான். ஹாஸ்டல் சீட் போனால் படிப்புப் போகும். படிப்புப் போனால் விஜயபுரம், மடை, மண்வெட்டி. இரவில் தூக்கத்தில் அவன் கால் உதறினால் அவன் கனவில் தண்ணீர் கட்டுகிறான் என்று எனக்குத் தெரியும்.

சண்டையைக் கிளப்பியவன் வெங்கடரமணன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை புத்தகத்தைத் தலையணைக்குப் பதிலாக மட்டும் உபயோகித்தவன் திடீரென்று படிக்க ஆரம்பித்திருந்தான்.

“தண்ணி கொதிக்கிற வரைக்கும் இருட்டுல குந்திக்கினு நான் இன்னாத்த படிக்கிறது?” என்றான் ஒரு நாள், காபி டம்ளரோடு எங்கள் அறை வாசலில் நின்று. “உனுக்குத்தான் பெருக்கத் தெரியுமே. வெளக்கயும் அணைக்காம, தண்ணியயும் கொதிக்க வையி பாப்போம்.”

“வச்சா?”

“வச்சா நீ சயின்டிஸ்ட்டுடா. இல்லாகாட்டி வாய மூடிக்கினு கோவிந்தா போடு.”

வாயை மூடிக்கொண்டு எப்படிக் கோவிந்தா போடுவது என்று நான் கேட்கவில்லை. வெங்கடரமணனிடம் அந்த மாதிரிக் கேள்விகள் போய்ச் சேராது.

கோவர்த்தனன் எழுந்தான். புத்தகத் தமிழ் வந்துவிட்டது. “இந்த ஹாஸ்டலில் கோவிந்தா என்ற சத்தம் இன்னும் எத்தனை நாள் கேட்கும் என்பதைக் கணக்கு முடிவு செய்யும்.”

மறுநாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வரும்போது, செய்முறைப் பரீட்சைக்குப் பழக வேண்டும் என்று சொல்லி லாபரட்டரியிலிருந்து ஒரு வோல்ட் மீட்டரையும் இரண்டு அம்மீட்டரையும் வாங்கிக்கொண்டு வந்தான். உற்சவ மூர்த்தியைத் தூக்கி வருகிறவர்கள் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி, மேடு பள்ளம் பார்த்து, மெதுவாக வந்தான். பின்னால் நாதஸ்வரம் ஒன்றுதான் குறை.

வெயில் இறங்கி, திருப்பதி முழுக்க விளக்கு ஏற்றிய நேரம். எங்கள் பல்புகள் அந்த நேரத்தில் வழக்கம்போலச் சோகை பிடித்து மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. ஐந்து அறைக்காரர்களும் எங்கள் அறையில் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் சரித்திர மாணவர்கள். ஒரு ஃபியூஸ் போவதை நேரில் பார்த்தால் சரித்திரத்தில் சேர்க்கலாம் என்று வந்தவர்கள்.

அறை விளக்குகளை அணைத்து, வாசல் வெளிச்சத்தில் ஹீட்டரைத் தனியாகப் போட்டான். வோல்ட் மீட்டரின் முள் இருநூறில் நின்றது. அம்மீட்டர் நான்கு.

“இருநூறை நான்கால் வகு,” என்றான் என்னிடம்.

“ஐம்பது.”

“ஐம்பது ஓம். இந்தக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ். இருநூறை நான்கால் பெருக்கு.”

“எண்ணூறு.”

“எண்ணூறு வாட். சித்தூர் கடைக்காரன் ஆயிரத்துக்கு மேல் என்று சொல்லி விற்றான். எண்ணூறுதான் இருக்கிறது. திருடன். கணக்குத் தெரியாத நாட்டில் வியாபாரம் இப்படித்தான் நடக்கும்.”

அடுத்து, சின்ன அம்மீட்டரை மாட்டிப் பல்பைத் தனியாகப் போட்டான். ஒரு ஆம்பியரில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு. பெருக்கினால் முப்பது வாட். பல்பின் தலையில் நாற்பது என்று அச்சடித்திருந்தது.

“பல்புக் கம்பெனியும் திருடன்தான்,” என்றான் கோவர்த்தனன். அவன் முகத்தில் ஒரு பிரகாசம் வந்திருந்தது. ஒரே சாயங்காலத்தில் இரண்டு திருடர்களைப் பிடித்தவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

வெங்கடரமணன் வோல்ட் மீட்டரைக் குனிந்து பார்த்தான். “பொஸ்தகத்துல இருநூத்தி முப்பது வோல்ட்டுன்னு கீது. இங்க இருநூறுதான காட்டுது?”

“பொஸ்தகத்த நம்பறவன் நீ. நான் முள்ள நம்பறவன். முள்ளு பொய் சொல்லாது.”

வெங்கடரமணன் தலையை ஆட்டினான். அவன் வாழ்க்கையில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அப்படி முடிந்துபோயிற்று.

பிறகு தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினான். ஹீட்டருக்கு நான்கு ஆம்பியர். வார்டனுடையதையும் சேர்த்து ஆறு பல்புக்கு, ஆறு பதினைந்து தொண்ணூறு, அதாவது ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் நாலே முக்காலுக்கு மேல், ஐந்துக்குக் கீழே. நாலு புள்ளி ஒன்பது.

“ஃபியூஸ் ஐந்துக்குத்தான் உருகும். நமக்கு நாலு ஒன்பதுதான். எதற்கு விளக்கை அணைக்கிறீர்கள்? யாரைக் கூப்பிடுகிறீர்கள்?”

சொன்னதோடு நிற்கவில்லை. ஐந்து அறையிலும் விளக்கைப் போடச் சொன்னான். வார்டன் அறையில் விளக்கு எரிகிறதா என்று ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எரிகிறது, சார் சந்தி பண்ணிக்கொண்டிருக்கிறார் என்றான். ஹீட்டரைப் போட்டான். ஆறு பல்பும் எரிந்தன, கம்பி சிவந்தது, தண்ணீர் கொதித்தது. ஃபியூஸ் போகவில்லை. சரித்திர மாணவர்கள் ஏமாற்றத்தோடு காபி குடித்தார்கள்.

“மெய்தாம்பா,” என்றான் வெங்கடரமணன். “ஆனா நெஜமாவே ஃபியூசு போச்சின்னா உன் சீட்டுதான் போவும். எங்குளுது போவாது. நெனப்பு வச்சுக்கோ.”

“கணக்கு போனாத்தாண்டா சீட்டு போவும். கணக்கு எங்க போவும்?”

அந்த வினாடியில் எங்கள் வரிசையில் கோவிந்தா ரத்தானது. யாரும் அழவில்லை. பெரியவர்கள் வைத்துப்போன வழக்கம், நாலு வரிக் கணக்கில் போய்விட்டது. அவர்கள் சாக்பீஸ் இல்லாத முட்டாள்கள் என்று கோவர்த்தனன் சொன்னான். நான் ஆமாம் என்றேன். குரல் கொடுக்கும் வேலை மிச்சம்.

மறுநாள் விடியற்காலை. ஊர் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. சாலையில் பக்தர் கூட்டம்கூட ஆரம்பிக்கவில்லை. எங்கள் வரிசையில் மட்டும் ஐந்து அறையிலும் விளக்கு. நான் கண் விழித்துப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோவர்த்தனன் ஹீட்டரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வைத்தான். அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரம். நான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். அவன் உள்ளங்கையால் மூடினான்.

“இனிமே அந்த சத்தம் கேக்கக் கூடாது.”

பிளக்கைச் செருகினான். விளக்கு ஒன்றும் அணையவில்லை. கம்பி நேற்றைவிடச் சீக்கிரமாகச் சிவந்தது. வெங்கடரமணன் ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் டம்ளருமாக வந்து நின்று, “பரவால்லடா, பெரிய ஆளுதான் நீ,” என்றான்.

அப்போது வராந்தாவின் கடைசி அறையில் விளக்கு எரிந்து, தாழ்ப்பாள் திறந்தது.

“ஏன்டா, இன்னிக்கு நாமமே காதுல விழலையே? எல்லாரும் என்ன பண்றேள்?”

வார்டன். தினமும் கோவிந்தா கேட்டு எழுந்த மனிதர் அன்று கோவிந்தா கேட்காததால் எழுந்துவிட்டார். இந்த ஒரு ஆம்பியர் கோவர்த்தனன் கணக்கில் இல்லை. செருப்புச் சத்தம் எங்கள் பக்கம் வந்தது.

சரியாக அந்தச் சமயத்தில் ஆறு விளக்கும் போயின.

வரிசை முழுவதும் இருட்டு. அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொருள்தான். எங்கள் அறைத் தரையில் செக்கச் செவேலென்று ஒரு கம்பிச் சுருள். வேண்டுமென்று ஒருவன் விளம்பரப் பலகை வைத்தாலும் அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

வெங்கடரமணன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினான். கோவர்த்தனன் பிளக்கைப் பிடுங்கினான். குளிக்கிற பித்தளை வாளியை ஹீட்டர் மேல் கவிழ்த்தான். அப்படியும் விளிம்பில் சிவப்புக் கசிந்தது. வாளியின் மேல் உட்கார்ந்து வேட்டியைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டான்.

டார்ச் வெளிச்சம் வாசலில் விழுந்தது.

“ஃபியூஸ் போயிருக்கு. யாராவது ஹீட்டர் வச்சிருக்கேளா?” வெளிச்சம் என் முகத்துக்கு வந்தது, சுவருக்குப் போனது, வாளியில் நின்றது. “நீ ஏன்டா வாளிமேல உக்காந்திருக்கே?”

“குளிக்கப் போறேன் சார்.”

“குளிக்கப் போறவன் போக வேண்டியதுதானே. உக்காருவானேன்?”

கோவர்த்தனன் வேட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான். வெளிச்சம் மெல்ல வாளியின் அடிப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒயரின் ஒரு முழம் வேட்டிக்கு வெளியே கிடந்தது. எனக்குப் பஸ்ஸின் மேல் கோவர்த்தனனுடைய டிரங்குப் பெட்டி தெரிந்தது. அவனுக்கு வேர்க்கடலை தெரிந்திருக்கும்.

“கோவிந்தா,” என்று ஒரு அலறல். கதவுக்குப் பின்னாலிருந்து வெங்கடரமணன். யோசித்துச் செய்தான் என்று சொல்ல மாட்டேன். இருட்டில் பயந்தால் அவன் வாயில் வருவது அது ஒன்றுதான்.

ஐந்து அறையிலிருந்தும் கோவிந்தா, கோவிந்தா என்று பதில் வந்தது. நானும் கத்தினேன். டார்ச் தானாகத் தாழ்ந்தது. வார்டன் கண்ணை மூடிக்கொண்டு தாமும் ஒரு தடவை சொன்னார். நான் காலால் ஒயரை உள்ளே தள்ளினேன்.

கண்ணைத் திறந்தவர் கோவர்த்தனனைப் பார்த்தார். “எல்லாரும் சொன்னா. நீ மட்டும் சொல்லலையே?”

பித்தளை எவ்வளவு சீக்கிரம் சூட்டைக் கடத்தும் என்பதும் பௌதிகம்தான். ஆனால் அது வேறு அத்தியாயம். கோவர்த்தனன் அதைப் பெருக்கிப் பார்த்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். எழுந்தால் சீட் போகும். உட்கார்ந்தால் வேறு ஒன்று போகும். டார்ச் வெளிச்சத்தில் அவனுடைய இரண்டு கண்ணிலும் நீர் தளும்பி நின்றது.

“மன… மனசுக்குள்ள சொன்னேன் சார்.”

வார்டன் பாஷ்யம் அப்படியே நின்றுவிட்டார்.

“கேட்டேளாடா,” என்றார் எங்களைப் பார்த்து. “நீங்கள்ளாம் தொண்டையால சொல்றேள். இவனுக்குச் சொல்ல வாய் வரலை, கண்ணு ரெண்டும் நெறஞ்சுடுத்து. மலைமேலகூட இப்பிடி ஒருத்தனை நான் பாத்ததில்லை.”

மலைமேல் யாரும் வாளியில் உட்காருவதில்லை என்று சொல்ல நினைத்தேன்.

“நாளையிலேருந்து நாமத்தை ஆரம்பிக்கிறது நீதான், கோவர்த்தனா. உன் குரல்லதான் நான் கண் முழிக்கணும். உன் குரல் வரலைன்னா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். நானே இங்க வந்து பாத்துடறேன்.”

அவர் ஃபியூஸை மறந்துவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் கடைசி அறைக்குள் போய் அடங்கிய பிறகுதான் கோவர்த்தனன் எழுந்தான். எழுந்த வேகத்தைப் பற்றி எழுதினால் அவன் கோபித்துக்கொள்வான்.

அன்று முழுவதும் அவன் கல்லூரியில் நின்றுகொண்டே பாடம் கேட்டான். உட்காரச் சொன்ன விரிவுரையாளரிடம், நின்றால் நன்றாகப் புரிகிறது என்றான். வாட்ச்மேன் ஏழுமலை புது இழையைப் போட்டு, விளக்கு வந்தது. சாயங்காலம் வெங்கடரமணன் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான்.

“நாளைக்கி நீதான் சத்தம் உடணுமாமே. சாமியாரே, ஒரு தபா சொல்லிக் காட்டேன் கேப்போம்.”

“போடா,” என்றான் கோவர்த்தனன். “ஹீட்டர ஊட்டுக்கு அனுப்பிடறேன். எனக்குக் காப்பியும் வாணா, உங்க கூத்தும் வாணா. நான் சொல்ல மாட்டேன். என் கணக்குல தப்பு இல்ல. ஃபியூசு கம்பி மட்டம். வாங்கினவன் திருடன்.”

“அப்போ வார்டன் காலையில வருவாரே.”

கோவர்த்தனன் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு சில நாள் அவன் படுத்ததெல்லாம் அப்படித்தான்.

விடியற்காலையில் எனக்கு விழிப்பு வந்தது. தரையில் சாக்பீஸ் கீறுகிற சத்தம். நான் அசையாமல் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

கோவர்த்தனன் வோல்ட் மீட்டரை மாட்டிவிட்டு அதன் முன்னால் முழங்காலிட்டிருந்தான். பல்பு வெள்ளையாக எரிந்தது. முள் இருநூற்று நாற்பதில் நின்றது. ஊர் முழுவதும் விளக்கு எரிகிற சாயங்காலத்தில் இருநூறு. ஊர் தூங்குகிற விடியற்காலையில் இருநூற்று நாற்பது. முள் பொய் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குரிய உண்மையைச் சாயங்காலம் சொல்லியிருந்தது. அவன் அதை வைத்துக்கொண்டு விடியற்காலையில் தண்ணீர் கொதிக்க வைத்தான்.

தரையில் எழுதினான். இருநூற்று நாற்பது. கம்பி அதே ஐம்பது ஓம். வகுத்தால் நான்கு இல்லை, நாலு புள்ளி எட்டு. பெருக்கினால் ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு வாட். சித்தூர் கடைக்காரன் யோக்கியனாகிவிட்டான். பல்பு ஒன்றுக்குப் பதினைந்து பங்கு இல்லை, பதினெட்டு. ஆறு பல்பையும் கூட்டினான். ஐந்து புள்ளி எட்டு எட்டு. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் காலால் தேய்த்தான்.

பிறகு இன்னொன்று எழுதினான். ஹீட்டர் நாலு புள்ளி எட்டு. ஐந்து அறையும் அணைத்தால் மிச்சம் எரிவது வார்டன் பல்பு ஒன்று. கூட்டினான். நாலு புள்ளி ஒன்பது எட்டு.

அதை அவன் தேய்க்கவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மீட்டரும் சாக்பீஸும் இல்லாத முட்டாள்கள் தொண்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தார்கள்.

கடைசி அறையில் தாழ்ப்பாள் லேசாக அசைந்தது. வார்டன் விழித்துவிட்டார். காத்திருக்கிறார்.

கோவர்த்தனன் என் பக்கம் திரும்பினான். நான் கண்ணை மூடி, குறட்டை விட்டேன். சுமாரான குறட்டைதான்; ஆனால் நம்ப ஆசைப்படுகிறவனுக்குப் போதும். ஹீட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு சுவிட்ச். எங்கள் அறை இருண்டது.

வாசலில் போய் நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“கோவிந்தா.”

தனக்கே கேட்காத மாதிரி சொன்னான். ஒரு விளக்கும் அணையவில்லை. பக்கத்து அறையில் வெங்கடரமணன் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தான், அதுகூட நிற்கவில்லை. வராந்தாவின் கடைசியில் செருப்புச் சத்தம் ஒரு அடி எடுத்து வைத்தது.

கோவர்த்தனன் இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தடவை ஐந்தாவது அறை வரைக்கும் போகிற மாதிரி.

மனப்பாடம் நின்றது. பக்கத்து அறையிலிருந்து ஒரு சிரிப்பு, உடனே ஒரு கோவிந்தா. பிறகு அடுத்தது, அடுத்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இருட்டின. செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. வார்டன் விளக்கு ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்தும் இழுத்து, நெகிழ்ந்து, ஒரு பதில் வந்தது.

கோவர்த்தனன் உள்ளே வந்து, சத்தமில்லாமல் பிளக்கைச் செருகினான்.